வாசகர் கேள்வி – பதில்: ஆய்வுக் கட்டுரைகளும் தேசியத் திறந்த அணுகல் கொள்கையும்

அரசு கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் குறித்துச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஆய்வுக் கட்டுரைகளைப் பொதுமக்கள் தடையின்றிப் படிப்பதற்கான தேசியக் கொள்கை (திறந்த அணுகல் கொள்கை) தொடர்பானவை மட்டும் இங்கே விடையளிக்கப்படுகின்றன.

கேள்வி: காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் உவர்ப்பாவது பற்றி இந்திய ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையை இணையத்தில் தேடிப் பிடித்தேன். சுருக்கம் மட்டும் கிடைத்தது. முழுக் கட்டுரைக்கு ஏறத்தாழ நாற்பது டாலர் கேட்டார்கள். மத்திய அரசின் நிதியுதவியுடன் நடந்த ஆய்வு என்ற குறிப்பும் அதே பக்கத்தில் இருந்தது. வரிப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க இன்னொரு முறை பணம் கட்டவேண்டுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கட்டவேண்டியதில்லை என்பதே திறந்த அணுகல் இயக்கத்தின் அடிப்படை. ஆனால் நடைமுறை ஏன் வேறாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கட்டுரையின் பின்னே பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வாளரின் ஊதியத்தையும், ஆய்வுக்கூடத்துக்கான செலவையும், கள ஆய்வுக்கான பயணப்படியையும் அரசு தருகிறது. ஆய்வாளர் கட்டுரையை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதற்காக அவருக்கு ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை. கட்டுரையின் தரத்தை மதிப்பிடும் துறை வல்லுநர்களும், பெரும்பாலும் வேறு பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்கும் பேராசிரியர்களே, ஊதியமின்றியே அதைச் செய்கிறார்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும், பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்று ஆய்வாளரின் கைக்கு வருகிறது. கட்டுரை வெளிவந்தால் போதும் என்ற அவசரத்தில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து கட்டுரையைக் கட்டணச் சுவருக்குள் வைப்பதும் வெளியே விடுவதும் பதிப்பகத்தின் விருப்பம். பிறகு அதே ஆய்வாளர் பணிபுரியும் நிறுவனத்தின் நூலகம், அதே அரசுப் பணத்தில், அந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறது. பதிப்பகத்தார் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. மதிப்பீட்டை ஒழுங்குபடுத்துவது, மொழி திருத்துவது, அச்சுக்கோப்பது, இணையதளத்தைப் பல்லாண்டுகள் பேணுவது ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்கும் கேட்கப்படும் விலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதில்தான் சச்சரவு.

திறந்த அணுகலை வலியுறுத்தி 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இதற்கு இரண்டு வழிகளைச் சொன்னது. ஆய்வாளர் தம் கட்டுரையின் படியை ஒரு பொதுக் களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து எவரும் படிக்கத் தரும் இணையதளத்தில், தாமே சேர்த்து வைப்பது ஒன்று. இதைப் பசுமை வழி என்பார்கள். வாசகரிடம் கட்டணம் கேட்காத இதழ்களிலேயே வெளியிடுவது மற்றொன்று. தேசியக் கொள்கை என்று எங்கு பேசப்பட்டாலும், இந்த இரண்டில் எதை, எந்த அளவில், யார் செலவில் நடத்துவது என்பதே அங்கு விவாதப் பொருள்.

உங்கள் உடனடித் தேவைக்கு: கட்டுரையின் தலைப்பை கூகுள் ஸ்காலரில் இட்டு, அதன் கீழே காட்டப்படும் பிற படிகளைப் பாருங்கள். எங்கும் கிடைக்காவிட்டால், சுருக்கத்தோடு தரப்பட்டுள்ள மின்னஞ்சல் முகவரியில் ஆய்வாளருக்கே எழுதுங்கள். தம் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்று அறிந்து மகிழாத ஆய்வாளர் அரிது.

கேள்வி: இந்தியாவில் இப்படியொரு தேசியக் கொள்கை இருக்கிறதா, இல்லையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– முனைவர் பட்ட ஆய்வாளர், திருநெல்வேலி

பதில்: நாடு முழுவதற்கும், எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் ஒரே கொள்கை இன்றுவரை இல்லை, துண்டு துண்டாகப் பல உள்ளன. குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-இலேயே தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கென ஒரு களஞ்சியத்தை நிறுவியது. சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004-ஆம் ஆண்டு மே மாதம் களஞ்சியங்களை அமைப்பது குறித்துப் பயிலரங்குகள் நடந்தன. அவற்றின் பின்னே இருந்தவர் தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம். இந்தியாவில் திறந்த அணுகல் பற்றி எழுதும் எவரும் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது. 2006-இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம், தன் ஆசிரியர்கள் தம் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரில் கூடிய பயிலரங்கு ஒன்று, வளரும் நாடுகள் எடுத்தாளத்தக்க தேசியக் கொள்கை மாதிரி ஒன்றை வகுத்தளித்தது. அரசு நிதி பெற்ற ஆய்வில் விளைந்த கட்டுரை, இதழால் ஏற்கப்பட்ட உடனேயே களஞ்சியத்தில் சேர்க்கப்பட வேண்டும். நிதி வழங்குவதற்கே அது நிபந்தனையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடக்கூடிய அந்த மாதிரியை இன்று எடுத்துப் படித்தாலும் பெரிதாகத் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு துறைதோறும் தனித்தனியாக நடந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தன் கொள்கையை அறிவித்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கூட்டாக ஒரு கொள்கையை வெளியிட்டன. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது. அதன்படி வந்தவைதான் இன்று ‘ஷோத்கங்கா’ தளத்தில் லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் பட்டம் பெறும்போது உங்கள் ஆய்வேடும் அங்கே போய்ச் சேரும். தம் நிதியில் விளைந்த கட்டுரைகள் வெளியானவுடனே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நிதியமைப்புகள் 2018-இல் அறிவித்த ‘பிளான் எஸ்’ திட்டத்தில் இந்தியாவும் சேரும் என்று 2019-இன் தொடக்கத்தில் பேசப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. ஐந்தாவது தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கொள்கையின் வரைவு, பொது நிதியில் நடக்கும் ஆய்வுகளைப் பசுமை வழியில் திறந்துவிடுவதையும், நாடு முழுவதற்கும் ஒரே சந்தா கட்டுவதையும் சேர்த்தே முன்மொழிந்தது. இரண்டாவது நடந்தது. முதலாவது காகிதத்தில் நிற்கிறது.

கேள்வி: 2014-ஆம் ஆண்டுக் கொள்கையை எங்கள் கல்லூரியில் பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. துறையின் நிதியில் ஆய்வுத் திட்டம் நடத்தியவர்களும் இதில் அடக்கம். குறை எங்கே?
– கல்லூரி நூலகர், மதுரை

பதில்: அந்தக் கொள்கையின் வாசகத்தில் குறை சொல்வது கடினம். ஏற்கப்பட்ட இறுதிப் படியை இரண்டு வாரத்துக்குள் நிறுவனக் களஞ்சியத்திலோ துறையின் மையக் களஞ்சியத்திலோ சேர்க்க வேண்டும் என்கிறது. களஞ்சியப் படியைப் பொதுவில் திறக்காமல் வைக்கப் பதிப்பகம் விதிக்கும் தடைக்காலம் ஓராண்டைத் தாண்டக்கூடாது என்று எதிர்பார்க்கிறது. கட்டுரையை வெளியிட இதழ்கள் ஆய்வாளரிடம் கேட்கும் வெளியீட்டுக் கட்டணத்துக்குத் துறைகள் பணம் தராது என்று தெளிவாகச் சொல்கிறது. கட்டுரை எந்த இதழில் வந்தது என்பதைவிட அதன் உள்ளடக்கத்தின் தகுதியே கருதப்படும் என்ற வரிகூட அதில் உண்டு. இவ்வளவு இருந்தும் அது ஊன்றாமல் போனதற்கு, என் பார்வையில், சேர்க்காதவருக்கு எதுவும் நேராது என்பதே முதற்காரணம். நீங்கள் குறிப்பிடும் ஆசிரியர் தம் கட்டுரையைக் களஞ்சியத்தில் வைக்காவிட்டாலும் அவருடைய அடுத்த தவணை நிதி வரும், பதவி உயர்வும் வரும்.

இதே பாடத்தை அமெரிக்கா முன்னரே படித்துவிட்டது. அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்கள் 2005-இல் தன் நிதியில் விளைந்த கட்டுரைகளைப் ‘பப்மெட் சென்ட்ரல்’ களஞ்சியத்தில் சேர்க்குமாறு ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேண்டுகோளாகவே இருந்ததால் நூற்றுக்கு ஐந்து கட்டுரைகள்கூட வந்து சேரவில்லை. 2008-இல் சட்டத்தின் துணையோடு அது கட்டாயமாக்கப்பட்டபோது நிலைமை மாறியது. 2013-இல், கட்டுரை சேர்க்கப்படாத திட்டங்களுக்கு அடுத்த ஆண்டு நிதி நிறுத்திவைக்கப்படும் என்றதும் மீதிப் பேரும் வழிக்கு வந்தார்கள். 2025 ஜூலை முதல் அங்கே தடைக்காலமே இல்லை. கட்டுரை வெளியாகும் நாளிலேயே அது பொதுமக்களுக்கும் கிடைத்தாக வேண்டும்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் கையாண்ட வழி இதைவிட எளிமையானது, செலவும் இல்லாதது. அதன் களஞ்சியம் 2008-இல் திறக்கப்பட்டது. பதவி உயர்வுக்கோ நிதிக்கோ விண்ணப்பிப்பவரின் கட்டுரைப் பட்டியல் அந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படும். அங்கே இல்லாத கட்டுரை, எழுதப்படாத கட்டுரையாகவே கருதப்படும். யாரையும் தண்டிக்கவில்லை, யாரையும் வற்புறுத்தவில்லை; ஆசிரியர்கள் தாங்களாகவே பழைய கட்டுரைகளையும் தேடியெடுத்துச் சேர்த்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்கு எத்தனை படிவங்கள், எத்தனை நகல்கள், எத்தனை சான்றொப்பங்கள் கேட்கப்படுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கோப்பில் களஞ்சிய முகவரி ஒரு வரியாகச் சேர்ந்தால் போதும். பயிலரங்கு நடத்தி அறிவுறுத்துவதைவிட விரைவாக வேலை நடக்கும்.

உங்கள் கேள்வியில் நூலகருக்குரிய பகுதியும் ஒன்று இருக்கிறது. களஞ்சியம் என்பது ஒரு கணினியும் ஒரு மென்பொருளும் மட்டும் அன்று. ‘டிஸ்பேஸ்’, ‘இபிரின்ட்ஸ்’ போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆனால் வந்து சேரும் படி சரியானதுதானா, அந்த இதழின் நிபந்தனை என்ன, தடைக்காலம் என்று முடிகிறது என்று பார்த்துப் பதிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். நிதி முடிந்ததும் பராமரிப்பவர் போய்விட, பெயர் மட்டும் எஞ்சிப் பக்கம் திறக்காத களஞ்சியங்கள் நம்மிடம் குறைவில்லை. கொள்கை எழுதுகிறவர்கள் இந்தப் பணியிடத்தை எழுத மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே. ஆறாயிரம் கோடி ரூபாய் செலவில் எல்லா இதழ்களும் கிடைக்கும்போது திறந்த அணுகல் கொள்கை எதற்கு?
– சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: கேள்வி கேட்கும் நீங்களே அந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் இதன் வழியாகக் கிடைக்கின்றன. பயன்பெறும் மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் தொகை ஏறத்தாழ 1.8 கோடி. தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் இல்லை.

இத்திட்டத்தைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நேற்றுவரை பெரிய மத்திய நிறுவனங்கள் மட்டுமே படித்துவந்த இதழ்களை ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரி மாணவர் இன்று தம் கணினியில் திறக்கிறார் என்றால் அது பெரிய மாற்றம்தான். தனித்தனியாகப் பேரம் பேசி ஏமாந்ததைவிட, நாடே ஒன்றாக நின்று பேரம் பேசுவதும் நல்லதே. ஆனால் இது வாடகை. மூன்றாண்டு முடிந்ததும் மறுபடி பேச வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கதவு மூடிவிடும். பணி ஓய்வு பெற்ற பேராசிரியருக்கும், தனியாக மருத்துவம் பார்க்கும் மருத்துவருக்கும், செய்தியாளருக்கும், பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞருக்கும், மேலே கேள்வி அனுப்பிய கும்பகோணத்து ஆசிரியருக்கும் இதில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியர் எழுதிய கட்டுரையை இந்தியாவுக்கு வெளியே உள்ளவர் படிக்க இத்திட்டம் ஒன்றும் செய்வதில்லை. நைரோபியில் இருக்கும் ஒரு வேளாண் ஆய்வாளருக்கு, நம் வறண்ட நிலப் பயிர்களைப் பற்றிய நம் ஆய்வு அப்போதும் எட்டாது.

அரசு பணம் கொடுத்து அறிவைப் பொதுவாக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பாரதியாரின் படைப்புகளுக்கான உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு விலை கொடுத்துப் பெற்றது. பின்னர் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. ஒருமுறை செலவு செய்து எல்லோருக்கும் எக்காலத்துக்கும் திறந்துவிடும் அந்த முறைக்கும், ஆண்டுதோறும் கட்டி ஒரு பகுதியினர் மட்டும் படிக்கும் இந்த முறைக்கும் இடையில் அரசு எதைத் தேர்வது என்பது நிதி நிலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யும் விஷயம் அன்று. சந்தாவுக்குப் பேரம் பேசும் அதே மேசையில், ‘எங்கள் நாட்டு ஆய்வாளர்களின் ஏற்கப்பட்ட படிகளை உடனே களஞ்சியத்தில் வைக்க நீங்கள் தடை சொல்லக்கூடாது’ என்ற ஒரு நிபந்தனையையும் வைத்திருக்கலாம். அடுத்த ஒப்பந்தத்திலாவது வைக்கலாம்.

கேள்வி: என் கட்டுரையை நானே களஞ்சியத்தில் வைத்தால் பதிப்பகம் வழக்குத் தொடுக்காதா? எந்தப் படியை வைப்பது?
– உதவிப் பேராசிரியர், சிதம்பரம்

பதில்: ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. இதழுக்கு நீங்கள் முதலில் அனுப்பியது. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று கடிதம் வந்தபோது உங்கள் கையில் இருந்தது. பதிப்பகத்தார் தம் இலச்சினையும் பக்க எண்ணும் இட்டு அச்சுக்கோத்தது. மூன்றாவதை வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் ஒப்புவதில்லை. முதலிரண்டையும், குறிப்பாக இரண்டாவதை, உடனேயோ ஆறு மாதம், ஓராண்டு, சில இதழ்களில் இரண்டாண்டு கழித்தோ வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை ‘ஷெர்பா ரோமியோ’ என்ற பெயரில் நெடுநாள் அறியப்பட்ட தளத்தில் இதழின் பெயரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் சிக்கல் சட்டத்தில் வருவதைவிடக் கோப்பில்தான் அதிகம் வருகிறது. அச்சுக்கோத்த பிடிஎஃப் எல்லோரிடமும் இருக்கும். அந்த இரண்டாவது படி எவரிடமும் இருக்காது. ‘திருத்தம் 3’, ‘கடைசித் திருத்தம்’, ‘கடைசித் திருத்தம் புதியது’ என்று பெயரிட்ட நான்கைந்து வேர்ட் கோப்புகளில் எது இதழுக்குப் போனது என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவருக்கே தெரியாது. அல்லது அது படிப்பை முடித்துவிட்டுப் போன மாணவரின் மடிக்கணினியோடு போயிருக்கும். ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே, அந்தக் கடிதத்தையும் அந்தக் கோப்பையும் சேர்த்து நூலகருக்கு அனுப்பிவிடுங்கள். தடைக்காலம் இருந்தால் அவர் கோப்பைப் பூட்டி வைத்து, தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் காட்டலாம். நாள் வந்ததும் அது தானே திறந்துகொள்ளும்படி மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. ‘ஏற்கப்பட்ட உடனே’ என்று நல்ல கொள்கைகள் எல்லாம் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான்.

உரிமை மாற்ற ஒப்பந்தத்தைக் கையொப்பமிடும் முன் படியுங்கள். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள் என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் புலம் 2008-இல் கண்டுபிடித்த உபாயம் இங்கே கருதத்தக்கது. ஆசிரியர்கள் எல்லோரும் தம் கட்டுரைகளைப் பரப்பும் உரிமத்தை, பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, தம் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டதாகத் தீர்மானம் போட்டார்கள். தனி ஆசிரியர் ஒருவர் பெரும் பதிப்பகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய நிலை அதனால் தவிர்ந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கல்விப் பேரவைகள் இப்படியொரு தீர்மானத்தை நிறைவேற்றத் தடை எதுவும் இல்லை.

கேள்வி: பதினைந்தாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக ஓர் ‘ஓப்பன் ஆக்சஸ்’ இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இதுதான் திறந்த அணுகலா?
– ஆய்வு மாணவி, சேலம்

பதில்: இல்லை; பணத்தை அனுப்பாதீர்கள். ஒரு வாரத்தில் துறை வல்லுநர் மதிப்பீடு நடப்பது அரிதினும் அரிது. முனைவர் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கையைக் கட்டாயமாக்கியதன் விளைவாக இந்த வியாபாரம் இங்கே செழித்தது. மானியக் குழு தானே அங்கீகரித்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது என்பதிலிருந்து நோயின் அளவு புரியும். அதன்பின் உருவாக்கிய ‘கேர்’ பட்டியலையும் 2025-இல் கைவிட்டு, தேர்வு செய்யும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள்.

முறையான இதழ்களிலும் கட்டணம் உண்டு. அது வேறு வகைச் சிக்கல். ‘நேச்சர்’ இதழ் தன் திறந்த அணுகல் கட்டணத்தை 2020-இல் அறிவித்தபோது அது 9,500 யூரோ. நம் ஆய்வுத் திட்டங்கள் பலவற்றின் ஓராண்டு ஒதுக்கீட்டை ஒரே கட்டுரை விழுங்கிவிடும். வாசகரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்குவது தீர்வாகாது என்று 2014 கொள்கை எடுத்த நிலை சரியானதே. எழுதுபவரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்காத இதழ்களும் நம் நாட்டில் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்கள் இதற்கு நல்ல சான்று. அவற்றை அகாடமியின் தளத்தில் எவரும் படிக்கலாம். இதழைத் தேர்வதற்கு முன் ‘டோஜ்’ எனப்படும் திறந்த அணுகல் இதழ்களின் பன்னாட்டு அடைவில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நெறியாளர் அந்த இதழைப் படித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

கேள்வி: பிற நாடுகள் சட்டமே இயற்றியிருப்பதாகப் படித்தேன். உண்மையா?
– வழக்கறிஞர், சென்னை

பதில்: உண்மை. பதிப்புரிமைச் சட்டத்திலேயே கைவைத்த நாடுகள் ஐரோப்பாவில் சில உண்டு. ஜெர்மனியில் 2014 முதல், குறைந்தது பாதி அளவு பொது நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரையை, இதழில் வெளியான ஓராண்டுக்குப் பின், ஏற்கப்பட்ட படியாக வெளியிடும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் அவர் வேறு என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த உரிமை பறிபோகாது. பிரான்ஸ் 2016-இல் இதையே அறிவியல் துறைகளுக்கு ஆறு மாதம், சமூக அறிவியலுக்கும் மானுடவியல் துறைகளுக்கும் ஓராண்டு என்று வைத்தது. நெதர்லாந்தும் 2015-இல் ஒத்த திருத்தம் ஒன்றைச் செய்தது. பெருவும் அர்ஜென்டினாவும் 2013-இல் களஞ்சியங்களைத் தேசிய அளவில் அமைப்பதற்கே தனிச் சட்டம் இயற்றின. பிரேசிலில் தொடங்கி லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிய ‘சயலோ’ கட்டமைப்பு 1990-களின் இறுதியிலிருந்து பொதுப் பணத்தில் இதழ்களைத் திறந்தே நடத்தி வருகிறது. அந்த நாடுகளுக்குச் சட்டம் எளிதாக வாய்த்ததில் அதற்குப் பங்கு உண்டு.

இந்தியாவில் இத்தகைய திருத்தம் ஒன்றே பெரும் பதிப்பகங்களோடு பேசும்போது ஆய்வாளருக்குக் கவசமாக இருக்கும் என்பது என் கருத்து. நீங்கள் வழக்கறிஞர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: கட்டணச் சுவருக்குள் இருக்கும் கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதியின்றி இலவசமாகத் தரும் ‘சை-ஹப்’ தளத்துக்கு எதிராக மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. ஆய்வாளருக்குத் தம் படியைப் பகிரும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், அந்தத் தளத்தை நாடும் தேவையே பெரும்பகுதி குறைந்திருக்கும்.

கேள்வி: தமிழில் எழுதப்படும் ஆய்வுகளுக்கு இந்தக் கொள்கைகளால் என்ன பயன்? எல்லாமே அறிவியலையும் ஆங்கிலத்தையும் மனத்தில் கொண்டவை போலத் தோன்றுகின்றன.
– தமிழ்த்துறைத் தலைவர், தஞ்சாவூர்

பதில்: தோன்றுவது சரிதான். தமிழாய்வின் பெரும்பகுதி கருத்தரங்கக் கோவைகளிலும், ஐந்நூறு படிகள் அச்சாகி மூட்டையாகக் கட்டி வைக்கப்படும் தொகுப்புகளிலும், துறை வெளியிடும் இதழ்களிலும் கிடக்கிறது. கட்டணச் சுவர் எதுவும் அவற்றுக்கு இல்லை. இருந்தும் எவருக்கும் கிடைப்பதில்லை. பதிப்பகத்தோடு சண்டையும் இல்லாத இந்த இடத்தில், வருடி எடுத்துக் களஞ்சியத்தில் ஏற்றுவது ஒன்றே வேலை. 2005-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் அப்படித்தான் பல்லாயிரக் கணக்கில் திறந்து வைத்திருக்கிறது. அங்கே அரசுக் கொள்கை எதுவும் முன்னால் நிற்கவில்லை. ஷோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகள் ஏராளம். ஆனால் பழைய எழுத்துருவில் தட்டச்சாகிப் படமாக ஏற்றப்பட்டவை பல. அவற்றின் உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒருங்குறியில் தட்டச்சிட்ட கோப்பையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று உங்கள் துறையே விதிக்கலாம்.

கேள்வி: மத்திய அரசு செய்யும்வரை காத்திருக்காமல் தமிழ்நாடு தனியே ஒரு கொள்கை வகுக்க முடியுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: முடியும். கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டங்களால் அமைந்தவை. மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் பிற துறைகளும் தம் நிதியிலிருந்து ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் தருகின்றன. தான் தரும் பணத்துக்கு நிபந்தனை விதிக்க எவரையும் கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தை மட்டும் மாநிலம் திருத்த முடியாது. அது நாடாளுமன்றத்தின் அதிகாரம்.

அப்படியொரு அரசாணை வருமானால் அதில் பெரிய முன்னுரை வேண்டாம். மாநில நிதியில் விளைந்த கட்டுரையின் ஏற்கப்பட்ட படியும், இயன்றவரை அதன் அடிப்படைத் தரவும், ஏற்பு வந்த மாதத்துக்குள் களஞ்சியத்தில் சேர வேண்டும். நிதியின் இறுதித் தவணைக்கும் ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்புக்கும் களஞ்சிய முகவரி கட்டாயம். வெளியீட்டுக் கட்டணத்துக்கு மாநிலப் பணம் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் அரைப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகம்தோறும் தனித்தனிக் களஞ்சியம் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் களஞ்சியமும் அதற்கென நிரந்தரப் பணியாளர் சிலரும் போதும். நிரந்தரப் பணியிடம் என்ற இடத்தில் நிதித்துறையின் மறுப்புக் குறிப்பு வரும் என்பதால், அதற்கான விளக்கத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.